இளையபெருமாள் குழுவும் 1972ஆம் ஆண்டு மசோதாவும்: திருச்சபை கற்கவேண்டிய ஒரு வரலாறு

நிசேயா சங்கத்தின் விவாதங்களை நாம் இறையியல் மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறோம். விசுவாச அறிக்கையில் ஒரு சொல்லைச் சேர்ப்பதா, நீக்குவதா என்று பண்டைத் திருச்சபைத் தலைவர்கள் நெடுங்காலம் வாதாடியதன் பொருளை விளக்குகிறோம். ஆனால் நம் நாட்டுப் பாராளுமன்றத்தில், ஒரு சட்டத்திலிருந்து சில சொற்களை நீக்கவும் அதில் சில சொற்களைச் சேர்க்கவும் நடைபெற்ற நீண்ட முயற்சியைப் பற்றி நம்மில் பலர் அறியோம். அச்சொற்களோ நம் ஆலய வாசலையும், கல்லறைத் தோட்டத்தின் வேலியையும், பிரசங்க பீடத்தையும் நேரே தொடுகின்றன. அம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவரும் கடலூர், சிதம்பரம் பகுதியின் மைந்தரே. ஆதலால் அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாக எடுத்துரைத்து, அது போதகராகிய நமக்குக் கூறுவது யாது என்பதை ஆராய விழைகிறோம்.

1. மசோதா செல்லும் வழி

பாராளுமன்றத்தில் ஒரு மசோதா அறிமுகப்படுத்தப்பட்டதும் அது சட்டமாகி விடுவதில்லை. அறிமுகத்துக்குப் பின் அவை அதனை உடனே ஆராயலாம். பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடலாம். ஓர் அவையின் தெரிவுக்குழுவுக்கோ, இரு அவைகளின் உறுப்பினரும் அமர்ந்த கூட்டுக்குழுவுக்கோ அனுப்பலாம். குழுவானது சாட்சிகளை அழைத்துக் கேட்கும்; மனுக்களைப் பெறும்; பிரிவு பிரிவாக வாசகத்தைத் திருத்தும். அதன் பின்னரே மசோதா அவைக்குத் திரும்பி வரும். 1993ஆம் ஆண்டு முதல் துறைவாரியான நிலைக்குழுக்களும் இப்பணியில் பங்கேற்று வருகின்றன.

ஒரு மசோதா குழுவுக்கு அனுப்பப்பட்டது என்று செய்தித்தாளில் படித்தால், அது கிடப்பில் போடப்பட்டது என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். இவ்வெண்ணத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1933ஆம் ஆண்டு மத்திய சட்டசபையில் சி. எஸ். ரங்க ஐயர் அறிமுகப்படுத்திய ஆலயப் பிரவேச மசோதா கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்டு, ஆதரவு குன்றவே கைவிடப்பட்டது. 1962ஆம் ஆண்டு அறிமுகமான கிறிஸ்தவத் திருமண மசோதா கூட்டுக்குழுவின் ஆய்வுக்கு உட்பட்டும், மக்களவை கலைக்கப்பட்டதனால் காலாவதியாயிற்று. நம் சபையாரின் திருமண முறிவுச் சட்டத்தில் பெண்களுக்கு இருந்த அநீதி நீங்குவதற்கு 2001ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

எனினும் குழு என்பது எப்பொழுதும் புதைகுழியன்று. குரலற்றவர்களின் சாட்சியம் சட்டத்தின் சொல்லாக மாறும் இடமும் அதுவே. இதற்கு நாம் காட்டும் சான்று தீண்டாமை ஒழிப்புச் சட்டத்தின் வரலாறு.

2. 1955ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் குறைகளும்

அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து, அதனால் எழும் எந்தத் தகுதிக்குறைவையும் பிறர்மேல் சுமத்துவது குற்றம் என்று அறிவித்தது. குற்றம் என்றால் தண்டனை வேண்டும். தண்டனைக்குச் சட்டம் வேண்டும். ஆகவே 1954ஆம் ஆண்டு மக்களவையில் தீண்டாமை (குற்றங்கள்) மசோதா கொண்டுவரப்பட்டது. இம்மசோதாவும் கூட்டுக்குழுவின் ஆய்வைப் பெற்று, 1955ஆம் ஆண்டின் 22ஆம் சட்டமாகி, அவ்வாண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

மாநிலங்களவையில் இது விவாதிக்கப்பட்டபோது டாக்டர் அம்பேத்கர் மசோதாவின் பெயரையே குறைகூறினார். தீண்டாமையை முன்னிறுத்தும் பெயரைவிட, குடியுரிமைகளைப் பாதுகாப்பதை முன்னிறுத்தும் பெயரே தகும் என்பது அவர் கருத்து. இது வெறும் பெயர்ச் சர்ச்சையன்று. இழிவுக்குள்ளான மனிதன் பிறருடைய இரக்கத்தை எதிர்நோக்கி நிற்கிறானா, தனக்குரியதைக் கேட்டு நிற்கிறானா என்னும் வினா அதில் அடங்கியிருந்தது. அன்று அக்கருத்து ஏற்கப்படவில்லை.

சட்டம் நடைமுறைக்கு வந்தபின் வேறு குறைகளும் வெளிப்பட்டன. உயர்ந்த அளவாக ஆறு மாதச் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம் என்றிருந்ததேயன்றி, குறைந்த அளவு என்று ஒன்று வகுக்கப்படவில்லை. ஆகவே பெயரளவுக்கு ஒரு சிறு அபராதத்தோடு வழக்கு முடியலாம். நீதிமன்றத்தின் அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளவும் இடமிருந்தது. நிலமும் கூலியும் ஒருவர் கையில், வயிறு மற்றவர் கையில் என்றிருக்கும் ஊரில் சமரசம் என்பது எவ்வாறு முடியும் என்பதைக் கிராமச் சபைகளில் ஊழியஞ் செய்த போதகர் எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை.

3. கடலூரிலிருந்து சென்ற உறுப்பினர்

சிதம்பரம் நந்தனாரின் வரலாறு வழங்கும் ஊர். அங்கேதான் சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டு நந்தனார் பெயரால் ஒரு பள்ளியைத் தொடங்கி, கல்வியின் வாசலைத் தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குத் திறந்தார். அதே வட்டாரத்தில் காட்டுமன்னார்கோயில் பகுதியில் 1924ஆம் ஆண்டு பிறந்தவர் எல். இளையபெருமாள். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில், 1952ஆம் ஆண்டு, இரட்டை உறுப்பினர் தொகுதியாயிருந்த கடலூரிலிருந்து காங்கிரஸ் சார்பில் மக்களவைக்குத் தெரிவானார். 1957ஆம் ஆண்டு சிதம்பரம் தொகுதியிலிருந்து மறுபடியும் தெரிவானார்.

1965ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இந்திய அரசு அவர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. தீண்டாமை ஒழிப்பு, தாழ்த்தப்பட்டோரின் பொருளாதார, கல்வி முன்னேற்றம் ஆகியன அதன் பொருள். 1955ஆம் ஆண்டுச் சட்டம் எவ்வாறு செயற்படுகிறது, அதில் என்ன மாற்றம் வேண்டும் என்று ஆராய்வதும் அதன் கடமையாயிற்று. தீண்டாமைக்கு உட்பட்ட மக்களிடையே பிறந்தவர் ஒருவரே நாட்டின் பல மாநிலங்களுக்கும் சென்று, கிணறும் கோயிலும் தேநீர்க்கடையும் எவ்வாறு இருக்கின்றன என்று கேட்டறியும் குழுவின் தலைவரானார் என்பதைக் கவனித்தல் வேண்டும். விசாரிக்கப்படும் பொருளாக மட்டும் இருந்தவர்கள் விசாரிப்பவர்களின் ஆசனத்தில் அமர்ந்தனர்.

குழு தன் அறிக்கையை 1969ஆம் ஆண்டு ஜனவரியில் அளித்தது. அதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்த் தஞ்சையில் கீழ்வெண்மணி என்னும் சிற்றூரில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் மிகுதி. நம் ஆலயங்களில் கிறிஸ்து பிறப்பின் ஆராதனை நடந்த நாள் அது. அறிக்கையின் பக்கங்கள் எத்தகைய நாட்டைப் பற்றி எழுதப்பட்டன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று இறையியல் கல்லூரிகளில் பணியாற்றும் நம்மைத் தனியே சிந்திக்கச் செய்வது. இந்து சமயத்தில் பரம்பரை அர்ச்சகர் முறை ஒழிய வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் பயிற்சி பெற்றோர் எந்தச் சாதியினராயினும் அப்பணிக்கு வரலாம் என்று குழு கூறிற்று. இதனைச் சுட்டிக்காட்டியே தமிழ்நாடு அரசு 1970ஆம் ஆண்டு பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கும் மசோதாவைக் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் 1972ஆம் ஆண்டு அச்சட்டத்தைச் செல்லுமென்று தீர்ப்பளித்தபோதிலும், ஆகம விதிகளைக் காக்கவேண்டுமென்றும் கூறியதால், பயிற்சி பெற்ற பல சாதியினரும் அர்ச்சகராக நியமனம் பெற 2021ஆம் ஆண்டுவரை சென்றது. பிறப்பினாலன்றி அழைப்பினாலும் பயிற்சியினாலும் ஊழியத்துக்கு வருவது நம் திருச்சபையின் கொள்கை. கொள்கை நம்மிடம் உண்டு. குழுவின் பரிந்துரை அதன் நடைமுறையை நம்மிடமும் கேட்கிறது.

4. கூட்டுக்குழுவின் வழியாக

அறிக்கையின் அடிப்படையில் 1972ஆம் ஆண்டு ஏப்ரலில் தீண்டாமை (குற்றங்கள்) திருத்த மசோதா மக்களவையில் அறிமுகப்படுத்தப்பட்டு, இரு அவைகளின் கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. அறிமுகத்துக்கும் நடைமுறைக்கும் இடையே நான்காண்டுகளுக்கு மேல் கழிந்தன. இறுதியில் அது 1976ஆம் ஆண்டின் 106ஆம் சட்டமாகி, அவ்வாண்டு நவம்பர் 19ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

அது நெருக்கடி நிலையின் காலம் என்பதை நாம் மறைத்தல் ஆகாது. எதிர்க்கட்சி உறுப்பினர் பலர் சிறையில் இருந்தனர். பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. மக்களின் அடிப்படை உரிமைகள் முடக்கப்பட்டிருந்த காலத்தில், மிகவும் தாழ்த்தப்பட்டோரின் உரிமையைக் காக்கும் சட்டம் நிறைவேறியது. ஒரு காலத்தின் தீமையைக் கண்டிப்பதற்காக அக்காலத்தில் விளைந்த நன்மையை மறுக்கவும், நன்மையைப் பாராட்டுவதற்காகத் தீமையை மறக்கவும் வரலாற்று மாணவனுக்கு உரிமை இல்லை.

திருத்தங்களில் முதன்மையானவற்றைக் காண்போம். சட்டத்தின் பெயர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று மாறிற்று. அம்பேத்கர் 1954ஆம் ஆண்டு கேட்டதன் சாரம், அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் சட்டப் புத்தகத்தில் ஏறியது. தண்டனைக்குக் குறைந்த அளவு வகுக்கப்பட்டது: ஒரு மாதத்துக்குக் குறையாத சிறையும், அதனோடு 100 ரூபாய்க்குக் குறையாத அபராதமும். சமரசத்துக்கு இருந்த வழி அடைக்கப்பட்டது. தீண்டாமையின் பேரில் ஒருவரை மலமள்ளவும், செத்த விலங்கை அகற்றவும் கட்டாயப்படுத்துவது குற்றமாயிற்று. விசாரணையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியர் குற்றத்துக்கு உடந்தையானவராகக் கருதப்பட்டார். சட்டம் எவ்வாறு செயற்படுகிறது என்பதைப் பற்றி மத்திய அரசு ஆண்டுதோறும் இரு அவைகளிலும் அறிக்கை வைக்கவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

5. நீக்கிய சொற்களும் சேர்த்த சொற்களும்

இவற்றுள் இரண்டு மாற்றங்கள் திருச்சபைக்கு மிக நெருக்கமானவை.

முதலாவது ஒரு நீக்கம். 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒரே மதத்தைச் சேர்ந்தவர்க்கு, அல்லது அதே மதப்பிரிவைச் சேர்ந்தவர்க்குத் திறந்திருக்கும் வழிபாட்டிடத்தில் ஒருவரைத் தீண்டாமை காரணமாகத் தடுப்பது குற்றம் என்றது. இவ்வாசகத்தில் ஒரு சந்து இருந்தது. இவர் நம் மதத்தவராயினும் நம் உட்பிரிவைச் சேர்ந்தவரல்லர் என்று கூறிக் கதவை அடைக்கலாம். 1976ஆம் ஆண்டுத் திருத்தம் மதப்பிரிவைக் குறித்த சொற்களை நீக்கிற்று. ஒரே மதம் என்பதே போதும் என்றாயிற்று. இப்பிரிவு எம்மதத்தையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. ஆகவே அதன் வாசகம் ஆலயக் கதவுக்கும் பொருந்துவதே. 4ஆம் பிரிவு கல்லறைத் தோட்டத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

இரண்டாவது ஒரு சேர்க்கை. தீண்டாமையைக் கைக்கொள்ளத் தூண்டுவது முன்னரே குற்றமாயிருந்தது. தூண்டுதல் என்பது யாது என்பதைத் திருத்தச் சட்டம் விளக்கிற்று. நேராகவோ மறைமுகமாகவோ தீண்டாமையைப் போதிப்பது மட்டுமன்று. வரலாற்றையோ, தத்துவத்தையோ, சமயத்தையோ, சாதி மரபையோ காரணங்காட்டி அதனை நியாயப்படுத்துவதும் தூண்டுதலே என்று அது கூறிற்று.

இவ்விளக்கத்தைப் படிக்கும் திருச்சபை வரலாற்று மாணவன் திடுக்கிடுவான். ஏனெனில் அங்கே சொல்லப்பட்ட காரணங்களுட் சில நம் சொந்த வரலாற்றில் எழுந்தவை. 1833ஆம் ஆண்டு கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் திருச்சபையில் சாதி வேற்றுமை ஒழியவேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சை, வேப்பேரி போன்ற பழைய சபைகளில் எதிர்ப்பு மூண்டது. பின்னர் லைப்சிக் மிஷனைச் சேர்ந்தவர்களிடையே இவ்வினா மறுபடியும் எழுந்தது. சாதி ஒரு சமுதாய ஏற்பாடே; அதனைச் சட்டென்று அறுத்தெறிய முயலாமல் சுவிசேஷம் மெல்ல மாற்றட்டும் என்பது அம்மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுலின் நிலை. இதனை ஏற்கமாட்டாத மிஷனெரிகளுள் ஒருவர் கார்ல் ஓக்ஸ். அவர் லைப்சிக் மிஷனைவிட்டு விலகி, தென்னாற்காட்டில் கடலூருக்கு மேற்கே பட்டாம்பாக்கத்தில் பணி தொடங்கினார். 1860களில் டேனிஷ் மிஷன் சங்கம் அப்பணியைத் தன்னதாக ஏற்றது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தொடக்கம் அதுவே.

கிரவுல் தமிழை ஆழ்ந்து கற்ற பேரறிஞர். அவர் நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் சமயம் வேறு, சமுதாய வழக்கம் வேறு என்று பிரித்த அவ்வாதம் என்ன விளைத்தது? சாதி வேற்றுமைக்குத் திருச்சபையின் உள்ளேயே ஓர் அடைக்கலத்தைத் தேடிக்கொடுத்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், கடலூர் மக்கள் அனுப்பிய ஒருவரின் குழுவிலிருந்து கிளைத்த சட்டம் அவ்வடைக்கலத்தின் கதவைப் பூட்டியது. பட்டாம்பாக்கத்தில் ஒரு மிஷனெரி தன் மனச்சாட்சியினால் கண்டதை, பாராளுமன்றம் சாட்சிகளின் வாக்கினால் கண்டது. திருச்சபை முழுவதும் அதனை முதலில் கண்டிருக்க வேண்டும்.

6. சட்டத்தின் எல்லை

சட்டம் வந்ததனால் துன்பம் தீர்ந்துவிடவில்லை. 1989ஆம் ஆண்டு பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தேவைப்பட்டது என்பதே அதற்குச் சான்று.

கிறிஸ்தவர்களைப் பொறுத்தமட்டில் வேறொரு முடிச்சும் உண்டு. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் இனத்தவர் ஒருவருக்குத் தீங்கு இழைக்கப்பட்டால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அது தீண்டாமை காரணமாகவே நடந்ததென்று நீதிமன்றம் கொள்ளும் என்கிறது. ஆனால் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் இனத்தை இந்துக்களுக்கே உரியதாக்கிற்று. 1956ஆம் ஆண்டு சீக்கியரும், 1990ஆம் ஆண்டு பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆகவே தாழ்த்தப்பட்ட மரபினரான கிறிஸ்தவர் ஒருவர் தம் சொந்த ஆலயத்திலேயே விலக்கப்பட்டால், காரணம் தீண்டாமையே என்பதை அவரே நிரூபிக்கவேண்டும். நிரூபிக்கும் சுமையைச் சட்டம் அயலவரின் தோளிலிருந்து இறக்கிற்று. நம் சகோதரரின் தோளில் அது இன்னும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கே உரியது.

இதை மாற்றுவதற்காகத் திருச்சபைகள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றன. 2007ஆம் ஆண்டு அறிக்கையளித்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பட்டியல் இனத் தகுதியை மதத்தினின்று பிரிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. 2022ஆம் ஆண்டு கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. இத்தகைய ஆணையங்களின் முன் நாம் வைக்கும் வாதம் இதுதான்: மதம் மாறினாலும் தீண்டாமையின் துன்பம் தொடர்கிறது. இவ்வாதம் உண்மையானது. ஆனால் அதனைச் சொல்லும்போதே நாம் நம்மைக் குறித்தும் சாட்சி சொல்லுகிறோம். அத்துன்பம் தொடரும் இடங்களுள் நம் சபைகளும் உண்டு. உரிமை கோரும் மனுவில் கையொப்பமிடும் கை, கல்லறைத் தோட்டத்தில் ஒரு சாராருக்குத் தனி மூலை ஒதுக்கும் தீர்மானத்திலும் கையொப்பமிடுமானால், அம்மனுவை எந்தக் குழு மதிக்கும்?

7. செலொப்பியாத்தின் குமாரத்திகள்

எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர் மோசேயின் முன்பும், ஆசாரியன் முன்பும், பிரபுக்களும் சபையனைத்தும் கூடிய இடத்திலும் வந்து நின்றனர். தகப்பனுக்குக் குமாரன் இல்லாததினால் தங்களுக்குக் காணிபூமி மறுக்கப்படுவது நியாயமா என்று கேட்டனர். மோசே அவர்களை அதட்டி அனுப்பவில்லை. அவர்கள் வழக்கைக் கர்த்தரிடத்தில் கொண்டுபோனார். அவர்கள் சொல்வது சரி என்பதே விடை. அதனால் இஸ்ரவேல் முழுமைக்கும் ஒரு கட்டளை பிறந்தது. அதே நூலின் 36ஆம் அதிகாரத்தில் கோத்திரத் தலைவர்கள் தங்கள் ஆட்சேபத்தைக் கூற, அக்கட்டளைக்கு ஒரு திருத்தமும் வந்தது. கட்டளை, முறையீடு, விசாரணை, திருத்தம் என்னும் ஒழுங்கு திருமறைக்கு அந்நியமானதன்று. கேட்க வந்தவர்களின் வாயை அடைக்காத சபையே கர்த்தருடைய சித்தத்தை அறிந்தது.

இதிலிருந்து போதகர்களாகிய நமக்கு மூன்று கடமைகள் பிறக்கின்றன. ஒன்று, பாராளுமன்றக் குழுக்கள் மனுக்களை வரவேற்கும்போது, சிறுபான்மையினரின் சலுகையைக் காக்கவேண்டிய வேளைகளில் மட்டும் நாம் விழித்தெழுதல் போதாது. நிலமற்றோர், துப்புரவுத் தொழிலாளர் ஆகியோரைக் குறித்த மசோதாக்களிலும், அவர்கள் நடுவே வாழும் நம் கிராமப் போதகர்களின் சாட்சியம் செல்லவேண்டும். இரண்டு, ஒவ்வொரு சேகரக் குழுவும் தன் சொந்தக் குழுவாக அமர்ந்து, ஆலய இருக்கை, திருவிருந்தின் வரிசை, கல்லறைத் தோட்டம், சபைத் தேர்தல் ஆகியவற்றைப் பற்றி, விலக்கப்பட்டோரின் வாய்மொழியைக் கேட்கவேண்டும். அக்குழுவின் தலைமை, கேட்கும் பழக்கமில்லாதவர்களிடமன்றி, விலக்கப்பட்டதை அறிந்தவர்களிடம் இருக்கட்டும். மூன்று, இறையியல் கல்லூரிகளில் திருச்சபை ஒழுங்குமுறையைக் கற்பிக்கும்போது, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3, 4, 7ஆம் பிரிவுகளையும் மாணவர் வாசிக்கட்டும்.

இளையபெருமாள் 2005ஆம் ஆண்டு காலமானார். அவர் தலைமையில் எழுந்த அறிக்கையை நம்மில் சிலரே படித்திருப்போம். ஆனால் அதிலிருந்து பிறந்த சொற்கள் இந்நாட்டின் சட்டமாக நிற்கின்றன. ஞாயிறுதோறும் நாம் பிரசங்க பீடத்தில் ஏறும்போதும், அடக்க ஆராதனைக்காகக் கல்லறைத் தோட்டத்தின் வாசலைத் திறக்கும்போதும் அவை நம் முன்னே நிற்கின்றன. சட்டம் ஒருவனைத் தடுப்பது குற்றம் என்று மட்டுமே சொல்லும். அவனைச் சகோதரனாக அருகில் அமர்த்திக்கொள் என்று சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை. அதைச் சொல்லும் அதிகாரமும் கட்டளையும் பெற்றது திருச்சபை. சட்டம் கேட்பதையேனும் நாம் நிறைவேற்றியிருக்கிறோமா என்று முதலில் நம் சேகரங்களில் விசாரிப்போமாக.